அப்பாயியின் இடது கன்னம்

எழுதுகிறவனுக்குச் சிகரெட் அவசியம் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானாகவே கண்டுபிடித்துக்கொண்ட சித்தாந்தம் அது. கண்டுபிடித்ததோடு நிற்காமல், இருபத்தாறு வருஷம் பரம விசுவாசத்தோடு அனுஷ்டித்தும் வந்தேன். ஒரு பத்தி எழுதினால் ஒரு சிகரெட். பத்தி சரியாக வந்துவிட்டால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒன்று. வராவிட்டால் அந்தத் துக்கத்துக்கு இரண்டு. என் நாவல் ஒன்றில் எத்தனை அத்தியாயம் என்று கேட்டால் சற்று யோசிப்பேன். எத்தனை பாக்கெட் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்.

இப்போது இதைச் சிகரெட் இல்லாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காக உத்தமனைப் போல் பேச எனக்கு உரிமை வந்துவிடவில்லை. கன்னத்தில் ஒரு சங்கதி ஒதுங்கியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் அப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவைப் பெற்றவளை எங்கள் பக்கத்தில் அப்பாயி என்போம். கும்பகோணத்துக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டிய ஊர். திண்ணையில் அப்பாயி காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் பித்தளை வெற்றிலைச் செல்லம். வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைப்பாள். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, முதுகில் சுண்ணாம்பு தடவுவாள். சீவலை ஒரு சிட்டிகை வாயில் எறிந்துவிட்டு, வெற்றிலையை மடித்துத் திணிப்பாள். கொஞ்ச நேரம் மென்ற பிறகு புகையிலை வரும். அதற்கு மட்டும் ஒரு தனி மரியாதை. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து, நகத்தால் ஒரு துண்டு கிள்ளி, மூக்கருகில் கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்துவிட்டு, இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். அப்புறம் அரை மணி நேரம் உலகத்தில் எவன் வந்து கூப்பிட்டாலும் அப்பாயிக்கு அக்கறை இல்லை.

அந்தப் புகையிலையை வாங்கி வருகிற உத்தியோகம் என்னுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது, 1988. பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே பெட்டிக்கடை. வாசலில் வாழைத்தார் ஒரு பக்கம் தொங்கும். இன்னொரு பக்கம் பீடி பற்றவைக்க நுனி கனன்றுகொண்டு ஒரு கயிறு தொங்கும். "அப்பாயிக்கு அம்பது காசுக்குப் பொகையில" என்பேன். கடைக்காரர் தாளில் மடித்துக் கொடுப்பார். எனக்கு ஒரு கமர்கட் கொசுறு. பதினெட்டு வயசுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜத்துக்குள் விற்கவே கூடாது என்றெல்லாம் 2003இல்தான் சட்டம் வந்தது. எங்கள் ஊர்க் கடையில் அந்த நாளில் இரண்டு குற்றமும் தினம் நடந்தன. யாருக்கும் அது குற்றமாகப் படவில்லை. எனக்குக் கமர்கட்டாகப் பட்டது, அவ்வளவுதான்.

அப்பாயி இதைப் பழகிக்கொண்ட கதையை அவளே சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் பல்வலி. மாமியார்க்காரி ஒரு துண்டு புகையிலையைக் கொடுத்து, "வலிக்கிற இடத்துல வச்சுக்க" என்றாளாம். வலி போயிற்று, பல்லும் பின்னால் ஒரு நாள் போயிற்று, புகையிலை மட்டும் போகவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புகையிலைச் செடி நம் நாட்டுச் சரக்கே அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் முளைத்தது. போர்த்துகீசியர் கப்பலில் நம் பக்கம் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ அதை மருந்தென்று நம்பித்தான் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். அவர் பெயர்தான் செடிக்கு வந்து, செடியிலிருந்து நிக்கோட்டினுக்கும் வந்தது. பிரெஞ்சு அரண்மனையும் எங்கள் அப்பாயியின் மாமியாரும் ஒரே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

வேதாரண்யத்துப் பக்கம் மணலில் விளைகிற இலை என்றால் அப்பாயிக்கு உயிர். "இதுல காரம் இருக்குடா" என்பாள். அந்தக் காரம்தான் நிக்கோட்டின் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், "பேரு நல்லாத்தான் இருக்கு" என்றிருப்பாள்.

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் சித்தப்பா வயல் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்தால் அது கெட்ட பழக்கம். அப்பா எப்போதாவது சிகரெட் பிடித்தால் அது ஊதாரித்தனம். அப்பாயி புகையிலை போட்டால் அதற்குப் பெயரே கிடையாது. கல்யாண வீட்டில் தாம்பாளத்தில் வருகிறது. சாமிக்கு முன்னால் வைக்கிற வெற்றிலையும் சீவலும்தான் அதற்குக் கூட்டாளிகள். அதை எப்படிக் கெட்டது என்பது? சீவுகிற பாக்கேகூடப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2003இல் அறிவித்தது. இதை எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் சொல்லிப் பாருங்கள். சொன்னவனுக்கு அடுத்த பந்தியில் இலை போடமாட்டார்கள்.

1994இல் அப்பாயியின் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை வந்தது. தேங்காய்ப் பால் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சுரண்டினால் வரவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாததுதான் வினையாகப் போயிற்று. காரம் பட்டால் எரிகிறது என்று அவள் மிளகாயைக் குறைத்துக்கொண்டாளே தவிர, யாரிடமும் காட்டவில்லை. அந்தப் படை சில மாதங்களில் புண்ணாயிற்று. புண்ணில் விளிம்பு தடித்தது. வாய் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்து, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் சோற்றை உருட்டிப் போட முடியாமல் போனபோதுதான் அப்பா கவனித்தார்.

தஞ்சாவூரில் டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். "பாட்டி, புகையிலையை எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?" என்று கேட்டார். அப்பாயி விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வாய்ப் புற்று பெரும்பாலும் அந்த இலை குடியிருந்த இடத்திலேயேதான் வருகிறதாம். பீடி சிகரெட்டில் எரிகிறபோது உண்டாகும் விஷங்கள் வேறு; எரிக்காமல் மெல்லுகிற இலையில் பதப்படுத்தும்போதே உண்டாகிவிடுகிற விஷங்கள் வேறு. முப்பது நாற்பது வருஷம் தினம் ஏழெட்டுத் தடவை அதே சதையில் அதை வைத்து அழுத்தினால், சதை எத்தனை நாள் பொறுக்கும்? 

தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மின்சாரம் வைத்தார்கள், கதிர் சிகிச்சையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அப்பாயியின் முகம் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. திண்ணைக்கு வந்து சேர்ந்தாள். ஆனால் காலை நீட்டி உட்காருவதில்லை. தெருவுக்கு வலது கன்னம் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்துகொள்வாள். ஆறு மாதத்தில் கழுத்தில் கட்டி வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்கப்புறம் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா உயிரோடு இருந்த வரையில் எழுதவும் துணியவில்லை.

ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அப்பாயி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பேச்சு கொழகொழவென்றுதான் வரும். பழகியவர்களுக்கு மட்டும் புரியும்.

"ராசா, கடைக்குப் போயிட்டு வரியா?"

எனக்குப் பதினைந்து வயது முடிந்திருந்தது. எதற்கு என்று புரிந்துவிட்டது.

"டாக்டரு வேண்டாம்னாரு, அப்பாயி."

"வாயில போடமாட்டேன். மோந்து பாத்துட்டுக் குடுத்துடுறேன். சாமி சத்தியமா."

போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே? ஆனாலும் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அப்பாயி தாளைப் பிரித்து முகர்ந்தாள். வெகு நேரம் முகர்ந்துகொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே ஒரு துண்டு கிள்ளி, திறக்கமுடியாத வாயில் விரலை நுழைத்து, வலது கன்னத்தில் ஒதுக்கினாள். இடது கன்னம்தான் இல்லையே!

அந்த முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு மனித முகத்தில் பார்த்ததில்லை. பதினெட்டு நாள் கழித்து அவள் செத்துப்போனாள். அந்தத் துண்டினால் அவள் ஒரு நாள்கூட முன்னதாகச் சாகவில்லை என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. நான் கொன்றுவிட்டேன் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன், அடுத்த ஜன்மத்தில்கூடப் புகையிலையின் பக்கம் போகமாட்டான் என்றுதானே நினைப்பீர்கள்? நான் இரண்டே வருஷத்தில் போனேன்.

1997இல் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் படித்தேன். அதற்கு மேல் படிப்பு என்னையும் நான் படிப்பையும் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் உருப்படியாகக் கற்றது இரண்டு: கதை எழுதுவது, சிகரெட் பிடிப்பது. அப்பாயியின் புகையிலைக்கும் என் சிகரெட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது கிழவிகள் சமாசாரம், இது நாகரிகம். அட்டைப்படங்களில் எழுத்தாளர்கள் விரலிடுக்கில் சிகரெட்டோடு கன்னத்தில் கைவைத்துச் சிந்தித்துக்கொண்டிருப்பார்கள். புகைப்படம் என்ற பெயரே அதனால்தான் வந்ததோ என்று ஒரு சிநேகிதன் சொல்லுவான். எந்த எழுத்தாளராவது இரும்மிக்கொண்டிருக்கிற படத்தை யார் அட்டையில் போட்டார்கள்?

பீடிக்காரர்களிடம் எனக்கு ஒரு பச்சாத்தாபம்கூட இருந்தது. பாவம், மட்டமான சரக்கு என்று. அதில் புகையிலை கொஞ்சம்தான், அதனால் கெடுதலும் கொஞ்சம்தான் என்று அவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. பீடி இலை காற்றை எளிதில் விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். ஆகவே சின்னப் பீடிதான் என்றாலும், பலமாகவும் அடிக்கடியும் இழுத்து, தாரையும் கரியமில விஷவாயுவையும் சிகரெட்டுக்காரனுக்குக் குறையாமல், சில சமயம் அதிகமாகவே, உள்ளே வாங்கிக்கொள்கிறார்கள். சிகரெட்டுக்காரன் பஞ்சு வைத்த சிகரெட்டை நம்பிக்கொண்டு ஆழமாக இழுக்கிறான். யார் யாரைப் பார்த்து இரக்கப்படுவது?

தெரியாமல் செய்தோம் என்று சொல்லவும் வழியில்லை. இந்த விஷயம் நான் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. 1950இல் லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பேர், நுரையீரல் புற்று ஏன் இப்படிப் பெருகுகிறது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தார்கள். ரோட்டுக்குப் போடுகிற தாரோ, மோட்டார்ப் புகையோ காரணமாக இருக்கும் என்றுதான் டால் முதலில் சந்தேகப்பட்டார். கணக்கு சிகரெட்டில் போய் நின்றது. கணக்கு முடிகிறதற்கு முன்பே டால் தம் சிகரெட்டை நிறுத்திவிட்டார். இந்த இடத்தில் எனக்கு அவரிடம் ஒரு மரியாதை உண்டு. தாம் எழுதியதைத் தாமே நம்புகிறவர்கள் அபூர்வம். எங்கள் தொழிலில் இன்னும் அபூர்வம்.

அதே 1950இல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரேயம் என்ற அறுவை வைத்தியர், எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவரோடு சேர்ந்து அதே முடிவுக்கு வந்தார். கிரேயம் சாமானியர் அல்லர். 1933இல் புற்று வைத்த ஒரு நோயாளியின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்து அவரைப் பிழைக்க வைத்தவர். அவரே பெரிய சிகரெட் பிரியர். மாணவர் சொன்னதை முதலில் நம்பவில்லை; கணக்கைப் பார்த்த பிறகு நம்பினார். பின்னால் சிகரெட்டையும் விட்டார். ஆனால் 1957இல் நுரையீரல் புற்றினால்தான் இறந்தார். அவர் நுரையீரலை எடுத்துப் பிழைக்க வைத்த அந்த நோயாளி, அப்போதும் உயிரோடு இருந்தார். இதை நான் கதையாக எழுதினால், 'ரொம்ப இட்டுக்கட்டின மாதிரி இருக்கு' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதெல்லாம் தெரிந்தேதான் பிடித்தேன். 2008 அக்டோபர் 2ஆம் தேதி முதல் பொது இடங்களில் பிடிக்கக் கூடாது என்றார்கள். ஓட்டல் வாசலிலிருந்து சந்துக்குப் போனேன். அடுத்த வருஷம் பாக்கெட்டில் படம் போட்டார்கள். படம் வரவரப் பெரிதாகி, 2016இல் அட்டையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை அடைத்துக்கொண்டது, இரண்டு பக்கமும். திருப்பி வைத்தாலும் தப்ப முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிகரெட்டுகளை வேறு பெட்டிக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். வீட்டில் அதற்குத் தோதாக ஒரு பித்தளைப் பெட்டி சும்மா கிடந்தது. அப்பாயியின் வெற்றிலைச் செல்லம்.

என் மனைவி ஒரு நாள் அதைப் பார்த்தாள். "இதுல போயா வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குக் கதை தெரியும். கடைசித் துண்டு விஷயம் மட்டும் தெரியாது. நான் ஏதோ ஹாஸ்யமாகப் பதில் சொன்னதாக ஞாபகம்.

இடையிடையே விட்டுப் பார்த்தேன். 2009இல் பெண் பிறந்தபோது ஒரு தடவை, ஒன்பது நாள். அவளுக்கு இழுப்பு வந்து, வீட்டுக்குள் புகை கூடாது என்று டாக்டர் கண்டித்தபோது ஒரு தடவை, ஒரு மாதம். அப்புறம் மொட்டை மாடிக்குக் குடிபோனேன். மழை பெய்தால் குடையோடு. சட்டையிலும் விரலிலும் ஒட்டியிருக்கிற புகை என்னோடு படியிறங்கி வரும் என்பதை மறந்துவிட்டேன். அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

2023இல் அந்த மொட்டை மாடிப் படிகளே என்னைக் காட்டிக்கொடுத்தன. பதினெட்டுப் படி. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். கும்பகோணத்தில் ஒரு டாக்டர் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். உயிர் போகிற மாதிரி ஊதினேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. என் நுரையீரலுக்கு அறுபதுக்கு மேல் என்று சொல்லியது கருவி.

"காலைல எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட், சார்?"

"பல் தேய்க்கிறதுக்கு முன்னால."

"அஞ்சு நிமிஷத்துக்குள்ள?"

"ஆமாம்."

"உடம்புக்கு முடியாம படுத்திருக்கிற அன்னிக்கும் பிடிப்பீங்களா?"

அப்பாயியின் வலது கன்னம் ஞாபகத்துக்கு வந்தது. பேசாமல் தலையை ஆட்டினேன். அவர் என் ஒழுக்கத்தை விசாரிக்கவில்லை. அடிமைத்தனத்தை அளக்க அப்படி ஒரு கேள்வித்தாளே இருக்கிறதாம். நான் அதில் முதல் வகுப்பில் தேறினேன். கல்லூரியில் வராத முதல் வகுப்பு.

டாக்டர் விளக்கிச் சொன்னார். இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேருவதற்குப் பத்திருபது விநாடிக்கு மேல் ஆகாது. அங்கே அதைப் பிடித்துக்கொள்ள வாய்கள் மாதிரி இடங்கள் இருக்கின்றன. பிடித்தவுடன் மூளை டோப்பமீன் என்ற ஒரு திரவியத்தை விடுகிறது; சுகம். பழகப் பழக அந்த வாய்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள நிக்கோட்டின் பாதியாகிவிடும். வாய்கள் எல்லாம் திறந்துகொண்டு கேட்கத் தொடங்கும். எரிச்சல், பரபரப்பு, மனம் ஒன்றிலும் நிற்காமை. இன்னொன்று பற்றவைத்தால் அடங்கும்.

"நீங்க நிம்மதின்னு நினைக்கிறீங்களே சார், அது இதுக்கு முந்தின சிகரெட் குடுத்த அவஸ்தை நிக்கிறதுதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் என் சித்தாந்தம் என்ன ஆயிற்று? எழுத உட்காருகிறேன், மனம் கூடவில்லை, சிகரெட் பிடிக்கிறேன், கூடுகிறது. இருபத்தாறு வருஷம் இதைச் சரஸ்வதி கடாட்சம் என்று நினைத்திருந்தேன். மனம் கூடாமல் போனதற்கே அந்தச் சனியன்தான் காரணம் என்றால்? தானே திருடிக்கொண்டு போன பொருளைத் தானே கொண்டுவந்து கொடுத்து, என்னிடம் நன்றியும் வாங்கிக்கொண்டிருக்கிறான் ஒருவன்! 

ஆனால் புரிந்துகொள்வது வேறு, விடுவது வேறு. ஒரு நாவல் பாதியில் நின்றது. ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக அறிவித்துவிட்டார்கள். சிகரெட்டை விட்டால் எழுத்து போய்விடுமோ என்ற பயம், செத்துவிடுவோமோ என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சிரிக்காதீர்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டு வாடகையும் பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளமும் அந்த வாக்கியங்களிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

டாக்டரிடம் அதையும் சொன்னேன். அவர் ஒரு கணக்கைச் சொன்னார். அந்த டாலும் ஹில்லும் 1951இல் இங்கிலாந்து டாக்டர்களுக்குக் கடிதம் போட்டு, அவர்களின் புகைப் பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களில் ஆண் டாக்டர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். முடிவு 2004இல் வெளியாயிற்று. விடாமல் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷத்தை இழந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் திரும்பக் கிடைத்தது; நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது வருஷம், ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டாலும் மூன்று.

"ஒரு நாவலுக்கு எத்தனை வருஷம் ஆகும் சார் உங்களுக்கு?"

"இரண்டு. சில சமயம் மூன்று."

"அப்ப ரெண்டு மூணு நாவல் எழுதலாமே."

வைத்தியர்களில் இப்படிப் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. விடுகிறேன் என்றேன். அவர் எழுதிக் கொடுத்தது ஒரு மிட்டாய். மிட்டாய் என்று நான் சொல்கிறேன். நிக்கோட்டின் வைத்த ரப்பர் மிட்டாய், மருந்துக்கடையில் கிடைப்பது. புகையோ தாரோ இல்லை. நிக்கோட்டின் மட்டும் அளவாக இருக்கும். புற்றையும் இழுப்பையும் உண்டாக்குவது பெரும்பாலும் மற்ற சரக்குகள். நிக்கோட்டின் அவற்றை நாம் தினம் தேடிப் போகும்படி செய்கிற தரகன். தரகனுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சமாதானப்படுத்திக்கொண்டே, வியாபாரத்தை நிறுத்திவிடுவதுதான் யோசனை.

"சூயிங்கம் மாதிரி மென்னுக்கிட்டே இருக்கக் கூடாது, சார். ரெண்டு மூணு தரம் மெதுவா மெல்லுங்க. காரம் தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. அப்புறம் கன்னத்துல ஒதுக்கி வச்சுக்குங்க. கன்னத்துச் சதை வழியாத்தான் மருந்து உள்ள போகும். காரம் அடங்கினப்புறம் மறுபடியும் மெல்லணும். அரை மணி நேரம் வரும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன சார்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முதல் மிட்டாயை வாயில் போட்டேன். மென்றேன். காரம் வந்தது. ஒதுக்கினேன். நாக்கு அதைத் தானாகவே இடது பக்கம் தள்ளிற்று. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்து போய்த் துப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். துப்பவில்லை.

முதல் மூன்று நாள் நரகம். மனைவி ஏதோ கேட்டால் குரைத்தேன். இருமல் முன்னைவிட அதிகமாயிற்று; புகை போனதும் நுரையீரல் தன்னைத்தானே பெருக்கித் துடைக்கிறது, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். வாயில் புண் வந்தபோது மட்டும் நடுங்கிப்போய்க் கண்ணாடி முன் விளக்கோடு நின்றேன். சிகரெட்டை விடுகிறவர்கள் பலருக்கு வருமாம்; ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பசி எடுத்தது. ரசத்தில் மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்று நாக்குக்குத் தெரிந்தது.

எழுத்து? சொல்லத்தான் வேண்டும். தொடரின் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்கள் மகா மட்டம். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் கை தானாகச் செல்லத்துக்குப் போகும், அங்கே ஒன்றுமிராது. ஒரு வாக்கியம் முடிந்தால் அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல் எழுந்து நடப்பேன். கதாநாயகியை ஒன்பதாம் அத்தியாயத்தில் காரணமில்லாமல் அழவைத்துவிட்டேன். அழ வேண்டியிருந்தது நான். இரண்டு வாசகர்கள் கோபித்து எழுதினார்கள். பதினொன்றாவதில் மொட்டை மாடியில் யாரோ புகைவிடுகிற காட்சி ஒன்று தேவைப்பட்டது. அதை எழுதிவிட்டு, ஒரே ஒரு சிகரெட் வாங்கி வந்து பிடித்துவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரி, இன்னிக்குப் பிடிக்காதீங்க" என்றார். அவ்வளவுதான் அவருடைய உபதேசம்.

பதினான்காவது அத்தியாயம் எழுதும்போது, விடிந்ததைக் கவனிக்கவில்லை. அது நல்ல அத்தியாயமா என்று வாசகர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு: எழுதி முடிக்கிற வரையில் கை செல்லத்துக்குப் போகவில்லை.

மிட்டாயை மூன்று மாதத்தில் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும் என்பது டாக்டரின் கணக்கு. எனக்கு வருஷம் இரண்டு தாண்டிவிட்டது. தினம் ஒன்று இன்னும் ஓடுகிறது, காலையில், எழுத உட்காரும்போது. டாக்டர் போன தடவை கேட்டார். "அடுத்த நாவல் முடிஞ்சதும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரவில்லை.

சென்ற மாதம் மனைவியிடம் கடைசித் துண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. "நானா இருந்தாலும் வாங்கிக் குடுத்திருப்பேன்" என்றாள் கடைசியில். பெண் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். மறுநாள் செல்லத்தைப் புளி போட்டுத் தேய்த்து, தன் மேஜைக்குக் கொண்டுபோய்விட்டாள். பேனாக்கள் வைத்திருக்கிறாள்.